டோக்கனுக்கு முகம் எங்கே?

போன மாதம் ஓர் அரசு அதிகாரி, விசாரணை அறையில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் மச்சினனின் டோக்கனை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் இல்லை. பென்டிரைவ் சைஸில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். அரசாங்க டெண்டரில் ஆன்லைனில் கலந்துகொள்ள வேண்டும் என்றால் இதைக் கம்ப்யூட்டரில் செருகித்தான் கையெழுத்துப் போட வேண்டும். பேனா பார்த்த வேலையை இப்போது இது பார்க்கிறது.

மோந்து பார்த்தவர் கண்ணை மூடினார். திறந்தார். "சந்தனம்" என்றார்.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏதோ ஓர் அலுவலகம். பெயரைச் சொல்லிவிட்டு, நாளைக்கே ஒரு வாரிசுச் சான்றிதழுக்கு அங்கே போய் நான் நிற்க வேண்டாமா? அதனால் அலுவலகத்தை விட்டுவிடுவோம். சந்தனத்தைப் பிடித்துக்கொள்வோம்.

கதிரேசன் என் மனைவியின் தம்பி. தோஹாவில் பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். கல்யாணம் ஆன பிறகு பாதிக் குடும்பத்தை வீடியோ காலிலேயே நடத்தியவன். ஒருநாள் அவன் மகள் போன் திரையைத் தொட்டு, 'அப்பா இதுக்குள்ளதான் இருக்கார்' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காட்டியிருக்கிறாள். அடுத்த விமானத்தில் வந்துவிட்டான். இலுப்பூரில் ஒரு சர்வீஸ் சென்டர் போட்டான்.

கடை ஓடியது. ஆனால் பிரிண்ட் அவுட்டும் லேமினேஷனும் போட்டு ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும்? தோஹா கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. டவுனில் இருக்கும் ஏஜென்ட் பாஸ்போர்ட்டைக் கொடு, கொடு என்று தினம் போன் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் இந்த டெண்டர். அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்க வேண்டும், இணையதளத்தை ஓட்ட வேண்டும், வருகிற மனுக்களை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். மூன்று வருஷ ஒப்பந்தம். கதிரேசன் கணக்கு மிக எளிது. கிடைத்தால் இலுப்பூர். கிடைக்காவிட்டால் தோஹா.

என் மனைவி மலர்க்கொடிக்கு இந்தக் கணக்கு தெரிந்ததிலிருந்து வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. எந்நேரமும் சாமியிடமே பேசிக்கொண்டிருந்தாள்.

டெண்டர் கடைசித் தேதிக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் தம்பி கடைப் பூஜை அக்கா கையால்தான். அன்றைக்கும் போனோம். மானிட்டர், பிரிண்டர், யூபிஎஸ், லேமினேஷன் மெஷின்... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கால்குலேட்டரைக்கூட விடவில்லை. கடைசியாகக் கதிரேசன் அந்தக் கறுப்பு டோக்கனை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினான். இதற்குத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும் என்றான்.

மலர்க்கொடி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மொகம் எங்கிட்டுடா இருக்கு?"

சிரிக்காதீர்கள். மிக நியாயமான கேள்வி. பொட்டு என்றால் முகத்தில்தானே வைக்க வேண்டும்? லாரிக்கு முகம் உண்டு. டிராக்டருக்கு உண்டு. மிக்ஸிக்கு ஸ்விட்ச் இருக்கிற பக்கம். பிரிண்டருக்குப் பேப்பர் வெளியே வருகிற பக்கம். இதையெல்லாம் நம் பெண்கள் யாரிடமும் கேட்பதில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் டோக்கனுக்கு?

கதிரேசன் யோசித்தான். மூடியைக் கழற்றினான். உள்ளே வெள்ளியாய் மின்னும் முனை. "இதுதாங்க்கா வாயி. இது வழியாத்தான் சிஸ்டத்துகிட்ட பேசும்" என்றான்.

வாய் இருந்தால் அது முகம்தானே. அக்கா தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அந்த முனையில் அப்பினாள். அதன் மேல் குங்குமம். தம்பி நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற வேண்டுதல் மொத்தமும் அந்தப் பொட்டில் இருந்ததால், அளவு கொஞ்சம் கூடிவிட்டது.

நான் தடுத்திருக்கலாமே என்கிறீர்களா? நான் அப்போது பொரிகடலையில் இருந்தேன்.

கடைசி நாள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஏலம் என்றால் கடைசி நிமிஷத்தில்தான் வாயைத் திறப்பார்கள். முன்னாலேயே சொன்னால் அடுத்தவன் கூட்டிவிடுவான் அல்லவா? ஆன்லைன் டெண்டரில் நீங்கள் கேட்ட தொகை, திறக்கிற நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது. அது கதிரேசனுக்கும் தெரியும். இருந்தும் கடைசி மணிநேரம் வரை பொத்திவைத்திருந்தான். தோஹா போய் வந்தாலும் ரத்தம் புளியமர ஏல ரத்தம்.

டோக்கனைச் செருகினான். 'டோக்கன் காணப்படவில்லை' என்றது கம்ப்யூட்டர். எடுத்துச் செருகினான். காணப்படவில்லை. வேறு ஓட்டையில் செருகினான். வேறு கம்ப்யூட்டரில் செருகினான். அலுவலக உதவி மையத்துக்குப் போன் அடித்தான். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து கதவு சாத்திக்கொண்டது. உள்ளே போயிருந்தது ஒரே ஒருவர்தான். திருச்சியிலிருந்து ஒரு பெரிய கம்பெனி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. சர்வரை யாரோ அடைத்துவிட்டார்கள் என்றான். உதவி மையத்தைக் கூப்பிட்டும் ஓர் உதவியும் கிடைக்கவில்லை என்றான். மலர்க்கொடி அழுதாள். அழுதுகொண்டே திருச்சிக்காரர்களைப் பேசிய பேச்சை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

மறுநாள் டீக்கடையில் விஷயம் பரவிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் டெண்டர் தகராறு என்பது எல்லோருக்கும் பரிச்சயமான பாடம். சந்தை ஏலம், புளியமர ஏலம், கண்மாய் மீன் ஏலம்... பார்க்காத பஞ்சாயத்தா? சர்வர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக்கூட அதை எப்படி அடைத்திருப்பார்கள் என்று தெரிந்திருந்தது. திருச்சியிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கினாலே போதும் என்றார் ஒருவர். ஒயரே கிடையாது, எல்லாம் காற்றில் வருவது, அதைத் திருப்பிவிட மெஷின் இருக்கிறது என்றார் இன்னொருவர். பொருள் புதுசு. சந்தேகம் மட்டும் அதே பழைய சந்தேகம்.

கதிரேசன் மனு எழுதினான். ஆன்லைன் டெண்டரை எதிர்த்து மனு எழுதிய அனுபவம் ஊரில் யாருக்கு இருக்கிறது? அதனால் குன்றாண்டார்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர் முன்பு கண்மாய் மீன் ஏலத்தை எதிர்த்துப் போட்ட மனுவை வாங்கிவந்தான். 'கண்மாய்' வருகிற இடத்தில் 'சர்வர்'. 'மீன்' வருகிற இடத்தில் 'ஒப்பந்தப்புள்ளி'. முடித்து, ஒற்றுப்பிழை பார்க்க என்னிடம் கொடுத்தான்.

பார்த்தேன். 'மேற்படி சர்வரில் குஞ்சு விட்டது முதல் பாதுகாத்து வந்த' என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்தேன். 'இரவோடு இரவாக வலை வீசி' என்று ஒன்று. அதையும் அடித்தேன். 'மேற்படி சர்வரின் மடையை அடைத்து' என்றிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். நன்றாக இருந்தது.

கடைசிப் பத்தியில் அவனே சொந்தமாக ஒன்று சேர்த்திருந்தான். 'உதவி மையத்தில் பணியில் இருந்தவர் எவ்வித உதவியும் செய்யாமல் அலட்சியமாக நடந்துகொண்டார்.' அதில் ஒற்றுப்பிழை இல்லை. ஒற்றுப்பிழை இல்லாத வாக்கியத்தில் வேறு என்ன பிழை இருந்துவிடப் போகிறது?

மனு போனது. வாட்ஸ்அப்பிலும் போனது. 'மண்ணின் மைந்தனுக்கு அநீதி' என்று தலைப்புப் போட்டு, கதிரேசனின் கல்யாணப் போட்டோவிலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். தோளில் மாலை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் துக்கம் விசாரித்துப் போன்கள் வந்தன.

வக்கீல் நண்பர் ஒருவர், டோக்கன் முக்கியமான சாட்சிப் பொருள், இனி யாரும் தொடக் கூடாது என்றார். அதை இருந்தது இருந்தபடியே பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டிவைத்தான் கதிரேசன். சந்தனத்தோடுதான். எந்தத் தடயவியல் நிபுணராலும் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

இனி, போன மாதம்.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் கதிரேசன், நான். எதிரே டை கட்டிய திருச்சிக் கம்பெனிக்காரர். அப்புறம் ஓரமாக ஒரு பெண். மடியில் ஒரு கவர். முகத்தில் கோபமும் பயமும் சம அளவில்.

அவள்தான் ஜெனிஃபர். உதவி மையம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, அது ஒரு மேசை, ஒரு போன், ஒரு ஜெனிஃபர். கதிரேசனின் மனுவைப் பார்த்துவிட்டு அவளுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். தற்காலிக வேலை. பதில் சரியில்லை என்றால் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். கதிரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி மனுவைப் படித்தார். "சர்வரின் மடையை அடைத்து..." என்ற இடத்தில் நிறுத்தி, "நல்ல உவமை" என்றார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன். பிறகு ஒரு தாளை எடுத்தார். அன்றைக்குச் சர்வர் அடைபடவே இல்லை. கடைசி நிமிஷம்வரை வேறு பல அலுவலகங்களின் டெண்டர்கள் அதன் வழியாகப் போயிருக்கின்றன. அப்படியானால் உங்களுக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டுவிட்டு, டோக்கனைக் காட்டச் சொன்னார்.

சாட்சிப் பொருள் மேசைக்கு வந்தது. கவரைப் பிரித்தார். மூடியைக் கழற்றினார். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டை கட்டியவர் சிரித்துவிட்டார். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருமி மறைத்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஜெனிஃபரைப் பார்த்து, அன்றைக்கு இவர் போன் செய்தாரா, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

"டோக்கன் மொனையத் தொடச்சுட்டுப் போடுங்கன்னு சொன்னேன் சார். ரெண்டு தடவ சொன்னேன்."

அதிகாரி கதிரேசன் பக்கம் திரும்பினார்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்று கதிரேசன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் பேசியதற்கு ரெக்கார்டு கிடையாது. சொன்னாளா, சொல்லவில்லையா என்று நிரூபிக்க வழியே இல்லை. அவள் சரியான நேரத்தில் சொல்லவில்லை, அதனால்தான் வாய்ப்புப் போனது என்று வாதாடியிருக்கலாம். டெண்டர் கிடைத்தாலும் கிடைத்திருக்கும். தோஹாவா, இலுப்பூரா என்பது அந்த ஒரு பொய்யில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கே 'சொல்லிவிடேன்' என்று ஒரு நொடி தோன்றியது. மலர்க்கொடியின் முகம் நினைவுக்கு வந்தது, அதனால். அந்தப் பெண்ணின் முகம் எதிரிலேயே இருந்தும்.

கதிரேசன் நிமிர்ந்தான்.

"சொன்னாங்க சார். நாந்தான் தொடைக்கல. எங்கக்கா வேண்டிக்கிட்டு வச்ச பொட்டு. நல்ல காரியத்துக்குப் போறப்ப அத அழிக்க மனசு வரல. ஊதி ஊதிப் போட்டேன். அவங்க மேல தப்பு இல்லைங்க."

அதிகாரி மேசை மேல் இருந்த தன் கார் சாவியைக் காகிதத்துக்கு அடியில் மெதுவாகத் தள்ளினார். அதிலும் ஒரு குங்குமக் கறை இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

பிறகு தீர்ப்பு. மனு தள்ளுபடி. சந்தனத்துக்கு விதிகளில் இடம் இல்லை. ஜெனிஃபரின் மெமோ ரத்து. டை கட்டியவர் எழுந்து கைகுலுக்கத் தயாரானார். உட்காருங்கள் என்றார் அதிகாரி. ஒரே ஒருவர் மட்டும் கலந்துகொண்ட டெண்டரை ஏற்கப் போவதில்லை என்று இந்த மனு வருவதற்கு முன்பே கோப்பில் குறிப்பு எழுதியாகிவிட்டது என்றார். ஆக, மறு டெண்டர்.

யோசித்துப் பாருங்கள். மனுவே போடாமல் வீட்டில் பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் மறு டெண்டர் வந்திருக்கும். நாம் நடத்துகிற போராட்டங்களில் பாதிக்கு இதுதான் கதி. எப்படியும் நடக்கப்போகிற ஒன்றுக்காகவே ஊரைக் கூட்டிப் போராடி, இடையில் யாராவது ஒரு ஜெனிஃபரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு வருகிறோம்.

வெளியே வராந்தாவில் கதிரேசன் அவளிடம் போய் நின்றான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். மெமோ வந்த நாளிலிருந்து வீட்டில் அம்மா சாப்பிடாமல் கிடந்ததைச் சொன்னாள். நன்றாகத் திட்டினாள். அவனும் நன்றாக வாங்கிக்கொண்டான். மிச்சம் இருந்ததை நான் வாங்கிக்கொண்டேன், ஒற்றுப்பிழை பார்த்த பாவத்துக்கு.

திட்டி முடித்துவிட்டுப் படியில் இறங்கப் போனவள் திரும்பினாள்.

"எங்க வீட்டுலயும் புது லேப்டாப்புக்குக் கோயில் தீர்த்தம் தெளிச்சாங்கண்ணே. அது இன்னும் எந்திரிக்கல. பொட்டு வைக்கணும்னா வைங்க. மூடியில வைங்க."

நேற்று மறு டெண்டருக்குக் கடைசி நாள். இந்த முறையும் கடைசி மணிநேரம்தான், அதை மட்டும் மாற்ற முடியவில்லை. இலுப்பூர் கடையில் நான், மலர்க்கொடி, கதிரேசன். டோக்கன் முனையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெயிலில் காட்டி வைத்திருந்தான். மலர்க்கொடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சந்தனக் கிண்ணம் மேசையில் இருந்தது. கை துடித்தது எனக்குத் தெரிந்தது.

டோக்கனைச் செருகப் போகிற நேரத்தில் போன் அடித்தது. தோஹா ஏஜென்ட். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் விசாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. டெண்டரைத் திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. யாருக்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. திருச்சிக்காரர்களும் சும்மா இருக்கப் போவதில்லை.

கதிரேசன் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தான். பிறகு, வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே என்று சொல்லி வைத்துவிட்டான்.

மலர்க்கொடி தம்பி பக்கம் திரும்பினாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கெடைக்கலேன்னா என்னடா பண்ணுவ?"

"மனு போடுவோம். மச்சான் ஒற்றுப்பிழை பாப்பாரு."

செருகினான். டோக்கன் காணப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி ஏறியது. பச்சையாக ஒரு டிக் வந்து நின்றது.

டோக்கன் முனை கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. கதிரேசன் நெற்றியில்தான் துளி இடம் பாக்கியில்லை.